ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்குப் புத்தாண்டு உறுதிமொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகனுக்கு இப்போது 13 வயது. 3 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பத்து வருடமாகத் தெரபி மையத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே பிள்ளைகள், வெளியே நாங்கள். டிசம்பர் கடைசி வந்தால் அந்த பெஞ்சில் பேச்சு எப்படியும் அடுத்த வருடத்தின் பக்கம் போய்விடும். அப்போது என்னிடம் மற்ற அம்மா அப்பாக்கள் கேட்ட கேள்விகளையும், ஒரு காலத்தில் நானே மற்றவர்களிடம் கேட்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, பரிசோதனை சம்பந்தப்பட்டதை உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

நம் வீட்டில் நாளைக்கு என்ன நடக்கும் என்றே தெரியாது. இதில் வருடத்துக்கு உறுதிமொழி எடுத்து என்ன பயன்?

நான் முதலில் எடுத்தது தப்பான உறுதிமொழி. அவனுக்கு 4 வயது. டைரியின் முதல் பக்கத்தில் "இந்த வருஷம் அவன் அம்மான்னு கூப்பிடணும்" என்று எழுதினேன். அந்த டிசம்பர் வரை அவன் கூப்பிடவில்லை. டைரியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்த வருடம் அவன் கற்றுக்கொண்ட எதையுமே நான் அதில் எழுதவில்லை. தானாகச் செருப்பு மாட்டப் பழகியிருந்தான். பக்கத்து வீட்டு நாயைப் பார்த்து அலறுவது நின்றிருந்தது. தயிர் சாதம் தவிர வேறெதையும் தொடாதவன் இட்லி சாப்பிட ஆரம்பித்திருந்தான். ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்ததில் இத்தனையும் என் கணக்கில் வராமலே போயிருந்தது.

அடுத்த வருடம் வேறு மாதிரி எழுதினேன்: "தினமும் ராத்திரி 10 நிமிஷம், போன் இல்லாம, தரையில அவன் பக்கத்துல உட்காருவேன்." அவன் எப்போது பேசுவான் என்பது என் கையில் இல்லை. உட்காருவது என் கையில் இருக்கிறது. உட்கார்ந்தேனா இல்லையா என்று எனக்கே தெரியும். அன்றிலிருந்து குழந்தையின் பெயரில் நான் எந்த உறுதிமொழியும் எடுப்பதில்லை, எல்லாம் என் பெயரில்தான். கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

எத்தனை உறுதிமொழி எடுக்கலாம்?

ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு. காய்ச்சல் வந்த நாளிலும், வேலைக்கார அம்மா வராத நாளிலும் செய்யக்கூடிய அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும்.

ஜனவரி 1இல் தொடங்க வேண்டுமா, சித்திரையிலா?

எனக்கு வருடம் தொடங்குவது ஜூனில். புது வகுப்பு, புது டீச்சர், புது வேன் டிரைவர் என்று நம் பிள்ளைகளின் உலகம் மொத்தமாகக் கலைந்து அடுக்கப்படும் மாதம் அது. அதனால் ஜனவரி முதல் மே வரை உள்ள ஐந்து மாதத்தை ஜூனுக்கான தயாரிப்பாக வைத்துக்கொள்கிறேன். பள்ளி மாறப்போகிறது என்றால் ஏப்ரலிலேயே அந்தப் பக்கமாக நாலு தடவை சாயங்காலம் நடந்து போய்விட்டு வருவோம். கேட் எந்த நிறம், வாட்ச்மேன் அண்ணன் எங்கே உட்காருவார், தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் நாள் அழுகை பாதியாகக் குறையும்.

இப்போதுதான் ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் வருடத்தில் என்ன தீர்மானிப்பது?

"இது என்னால்தான் வந்தது" என்று இனி ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன் என்று தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தப் பழிக்கு ஒரு வரலாறே உண்டு. 1943இல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு பல வருடங்கள், பாசம் காட்டாத அம்மாக்களால்தான் இது வருகிறது என்று பெரிய பெரிய நிபுணர்களே சொன்னார்கள். அந்தக் கருத்து பொய் என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. அப்புறம் 1998இல் தடுப்பூசிமேல் பழி போட்டு இங்கிலாந்தில் ஒரு கட்டுரை வந்தது. அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போனதாலோ, கர்ப்பத்தில் அழுததாலோ, கையில் போனைக் கொடுத்ததாலோ வந்தது இல்லை.

அப்புறம் செய்ய வேண்டியவை. காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். பணம் கட்டித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் 'டெய்க்' என்று சொல்லப்படும் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 3 வயதுக் குழந்தையை வாரத்துக்கு ஆறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நான் ஓடினேன். ஆட்டோவிலேயே தூங்கி, ஆட்டோவிலேயே சாப்பிட்டு, தெரபி ரூமுக்குள் போகும்போது அவன் களைத்துப்போயிருப்பான்.

"இந்த வருடமாவது பேச வைக்க வேண்டும்." இது நியாயமான ஆசைதானே?

ஆசை நியாயமானதுதான். அதை எப்படி உங்கள் பக்கம் திருப்புவது என்பதுதான் விஷயம். "அவன் பேச வேண்டும்" என்பதை "அவன் சொல்வதைக் கண்டுபிடிப்பேன்" என்று மாற்றிப் பாருங்கள். ஏனென்றால் அவன் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

என் மகன் 5 வயதில் சமையலறை வாசலில் நின்று "தண்ணி வேணுமா?" என்பான். நான் "எனக்கு வேண்டாம் கண்ணா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அவன் திரும்பவும் "தண்ணி வேணுமா?" என்பான். பிறகு அழுவான். அவனுக்குத்தான் தாகம் என்பது எனக்குப் புரியவே சில வாரம் ஆனது. தண்ணீர் வரும் ஒவ்வொரு தடவையும் முன்னால் நான் சொல்லும் வாக்கியம் அதுதான். அதனால் தண்ணீருக்குப் பெயரே "தண்ணி வேணுமா" என்று அவன் முடிவு செய்திருக்கிறான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது அர்த்தமில்லாத கிளிப்பேச்சு என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அதற்குள் ஒரு சேதி இருக்கும். ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னபடி நான் கேள்வி கேட்பதை நிறுத்தினேன். டம்ளரைக் கையில் எடுத்து, அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவன் இடத்தில் நின்று நானே சொன்னேன்: "தண்ணி வேணும்." பல மாதம் கழித்து அந்த 'மா' உதிர்ந்தது.

பேச்சே வராத பிள்ளைகளுக்குப் படம், சைகை, டேப்லெட் என்று வழிகள் இருக்கின்றன. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசிக்காட்டும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் கிடைக்கிறது. படத்தைக் காட்டப் பழகினால் வாயைத் திறக்காமலே இருந்துவிடுவான் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடுதலாகவே வந்திருக்கிறது.

படம் தயாரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அட்டையின் கீழே புத்தகத் தமிழில் எழுதி, அதையே வாசித்துக் காட்டாதீர்கள். வீட்டில் யாரும் "எனக்கு உணவு வேண்டும்" என்று பேசுவதில்லை. "பசிக்குது" என்று எழுதுங்கள். அவன் காதில் விழும் தமிழும் கையில் இருக்கும் அட்டையும் ஒன்றாக இருக்கட்டும்.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்கிறார்கள். இரண்டு மொழி குழப்புமாமே?

இந்த அறிவுரை எங்களுக்கும் ஒரு பள்ளியில் கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் கடைப்பிடித்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. என் இங்கிலீஷ் ஆபீசுக்குப் போதும், பிள்ளையைக் கொஞ்சப் போதாது. "கம், சிட், ஈட், நோ" என்று வெறும் கட்டளையாகவே பேசிக்கொண்டிருந்தேன். என் மாமியாருக்கு அதுவும் தெரியாது. நாம் பேசினால் பிள்ளைக்குக் கெடுதல் என்று பயந்து அவர் அவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். பகல் முழுக்க அவனோடு இருந்தவர் அவர்தான். அந்த வருடம் எங்கள் வீட்டில் அவனைச் சுற்றி இருந்த மொழி மொத்தமாகக் குறைந்துபோனது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு இன்னும் தாமதமாகும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்ல வருமோ, எந்த மொழியில் பாட வருமோ அதில் பேசுங்கள். பள்ளியில் இங்கிலீஷ் இருந்தால் இருக்கட்டும். இந்த ஆண்டு ஒரே ஒரு உறுதிமொழிதான் எடுக்க முடியும் என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: பாட்டியிடம் போய், "நீங்க பேசுங்க அத்தை, நிறையப் பேசுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் தெரபி செய்வது?

தனியாக மேஜை போட்டு, அட்டை அடுக்கி ஒரு மணி நேரம் என்று தீர்மானித்தால் பொங்கலுக்குள் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட குழந்தைகளின் குடும்பங்களுக்காக ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. ஒன்பது குழு வகுப்புகள், மூன்று தடவை வீட்டுக்கே வந்து பார்ப்பது. அதிலும் விளையாட்டையும் அன்றாட வீட்டு வேலையையும் வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இது மொச்சைக்காய் சீசன். எங்கள் வீட்டில் அதுதான் தெரபி. ஒரு முறத்தில் காய், ஒரு கிண்ணம், ஒரு பழைய பேப்பர். முதல் வருடம் அவன் வேலை தோலைப் பேப்பரில் போடுவது மட்டும். அடுத்த வருடம் நான் கட்டைவிரலால் பாதி பிளந்து கொடுத்தால் மீதியை அவன் திறப்பான். காய் பிளக்கும்போது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஒவ்வொரு காயையும் காதோடு வைத்து அழுத்துவான். பருப்பு சில சமயம் துள்ளி சோபாவுக்கு அடியில் ஓடும், இரண்டு பேரும் குனிந்து தேடுவோம். தேடி எடுத்தபின் என் முகத்தைப் பார்ப்பான். "கண்ணைப் பார்" என்று நாடியைப் பிடித்துத் திருப்பி யாரும் வாங்க முடியாத பார்வை அது. இன்றைக்கு அரைக் கிலோ மொச்சையைத் தனியாக உரிக்கிறான். அவன் உரித்ததில்தான் பொங்கலன்று குழம்பு.

துணி மடிப்பது, பூண்டு உரிப்பது, சைக்கிளுக்குக் காற்று அடிப்பது என்று உங்கள் வீட்டில் எது தினமும் நடக்கிறதோ அதில் ஒரு படியைக் குழந்தைக்கு ஒதுக்குங்கள். உங்கள் உறுதிமொழி, அந்தப் படியை அவசரத்தில் நீங்களே செய்துவிடாமல் இருப்பது.

கத்துவதையும் தரையில் விழுந்து புரளுவதையும் இந்த வருடம் நிறுத்த முடியுமா?

"நிறுத்துவேன்" என்று எடுக்காதீர்கள். "எழுதி வைப்பேன்" என்று எடுங்கள். ஒரு 40 பக்க நோட்டு போதும். கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, அன்று தூங்கினானா, வெளிக்குப் போனானா, இவ்வளவுதான். அடம் பிடிக்கும் பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு அழும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். தாங்க முடியாமல் உடைந்துபோகும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது. மிக்சி சத்தம், கல்யாண மண்டபத்து நாதஸ்வரம், புதுச் சட்டையின் காலர் பட்டை, சொல்லாமல் மாறிய பஸ் ரூட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் பாடம் எடுக்க வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, பக்கத்தில் அமைதியாக இருங்கள்.

நோட்டின் அருமை எனக்குப் புரிந்தது அவனுடைய 9 வயதில். இரண்டு வாரமாகக் கையைக் கடித்துக்கொண்டே இருந்தான். பிடிவாதம் என்றார்கள், மருந்தைக் கூட்டலாம் என்றார்கள். நோட்டைப் புரட்டினால் எல்லாமே சாப்பாட்டு நேரத்தை ஒட்டி நடந்திருந்தது. பல் டாக்டரிடம் போனோம். உள் கடைவாயில் ஒரு பல் சொத்தை விழுந்து சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்த மூன்றாம் நாள் கடிப்பது நின்றது. "வலிக்குது" என்று சொல்லத் தெரியாத பிள்ளையை நான் இரண்டு வாரம் அதட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று நடத்தை மாறினால் முதலில் பல், காது, மலச்சிக்கல் என்று உடம்பைப் பாருங்கள்.

கை தட்டுவது, ஆடிக்கொண்டே இருப்பது?

யாருக்கும் காயம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அது அவர்களுக்கு ஆறுதல்.

சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்கேயும் போவதில்லை. இந்த வருடம் போகலாம் என்றால் தைரியம் வரவில்லை.

ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இது: "அவனுக்கு ஆட்டிசம் இருக்கு பெரியம்மா, சத்தம் தாங்காது, கொஞ்ச நேரம் வெளியில நிக்கிறோம்." அவ்வளவுதான். விளக்கம் கேட்டால் இன்னொரு நாள் சொல்லலாம். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்", "எங்க ஊர் சாமியார் சரி பண்ணிடுவார்" என்பதற்கெல்லாம் வாதாடினால் பிள்ளையைக் கவனிக்க நேரம் இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் உலகில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். அந்தக் கல்யாண மண்டபத்திலேயே இன்னொரு குடும்பம் இதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நீண்ட நேரம் இருக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முதல் பந்திக்குப் போய் அரை மணியில் திரும்புங்கள். கோயிலுக்கு நடை திறந்தவுடன் போங்கள். அழுது முடித்த பிறகு கிளம்புவதைவிட, அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுவது அடுத்த தடவைக்கு உதவும்.

ஸ்டெம் செல், ஸ்பெஷல் டயட் என்று குணப்படுத்துவதாகச் சொல்கிறார்கள். இந்த வருடம் ஒரு தடவை முயன்று பார்த்துவிடலாமா?

வேண்டாம். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்த குடும்பங்களை அந்த பெஞ்சில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல, அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறேன் என்று செய்யும் சிகிச்சையில் உயிருக்கே ஆபத்து உண்டு. கோதுமையையும் பாலையும் நிறுத்துவதால் ஆட்டிசம் மாறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நாலே நாலு பண்டம் மட்டும் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து அதிலும் இரண்டைப் பிடுங்குவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

தூக்கம், வலிப்பு, அதிகப் பதற்றம் போன்ற கூடவே வரும் தொந்தரவுகளுக்கு நல்ல மருந்துகள் உண்டு. அதற்குத் தயங்க வேண்டாம்.

பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகில் உள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. மறுத்தால் வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. ஆனால் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது, ஒன்பதாம் வகுப்பிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

டீச்சரிடம் கொடுக்க ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். அவனுக்கு எது பிடிக்கும், எது பயம், பாத்ரூம் வேண்டுமென்றால் எப்படிச் சொல்வான், உடைந்துபோனால் எப்படி அமைதியாவான். நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் டீச்சர் மெடிக்கல் ஃபைலைப் படிக்க மாட்டார், இந்த ஒரு பக்கத்தைப் படிப்பார்.

காகித வேலையில் என்னென்ன இந்த வருடம் முடிக்க வேண்டும்?

எல்லோரும் தள்ளிப்போடுவது இதைத்தான். மாதத்துக்கு ஒன்று என்று வையுங்கள். முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழும், யுடிஐடி என்கிற தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும். ஆட்டிசத்தை அளவிட 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது, அதை வைத்து சதவீதம் போடுவார்கள். சதவீதத்தைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள், அது ஆபீஸ் கணக்கு. ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் காலாவதித் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, ஆட்டிசம் உள்ளிட்ட சில குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் ஒரு பகுதி கிடைக்கும். முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதை மறந்துதான் பலர் இழக்கிறார்கள். வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்காகக் கிடைக்கும், 80டிடி என்று நாம் அறிந்திருக்கும் கழிவு 75,000 ரூபாய். குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000.

பிள்ளைக்கு 18 ஆகப்போகிறது என்றால் சட்டப்படியான காப்பாளர் விஷயம். 18 முடிந்தவுடன் அம்மா அப்பா என்ற முறையில் வங்கியில் கையெழுத்துப் போட முடியாது. 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். அரசு வேலையில் இருப்பவர்கள், தானே சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு, பணியில் இருக்கும்போதே அவன் பெயரைப் பதிவில் ஏற்றிவிடுங்கள். "எங்களுக்கு அப்புறம் யார்?" என்ற பயம் எல்லோருக்கும் ராத்திரி வருகிறது. எனக்கு அது கொஞ்சமாவது குறைந்தது இந்தக் காகிதங்களை ஒரே ஃபைலில் போட்ட நாளில்தான்.

வீட்டை விட்டு ஓடிவிடுகிறான். பாதுகாப்புக்கு என்ன செய்வது?

கதவின் மேல்பக்கம் தாழ்ப்பாள், சட்டைக்குள் போன் நம்பர் எழுதிய பட்டை, பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் அவனை அறிமுகம் செய்து வைப்பது. இவற்றை இந்த வாரமே செய்யுங்கள். தொலைந்துபோனால் முதலில் தேட வேண்டியது தண்ணீர்ப் பக்கம். கிணறு, குளம், வாய்க்கால், தொட்டி எல்லாம் பாருங்கள். இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர்மேல் தீராத ஈர்ப்பு. முடிந்தால் நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

இன்னொரு குழந்தையும் இருக்கிறது. அவளுக்கு நேரமே கொடுக்க முடியவில்லை.

வாரத்தில் ஒரு மணி நேரம், அவளோடு மட்டும், அண்ணனைப் பற்றிப் பேசாமல். என் மகள் 8 வயதில், "எனக்கும் ஏதாவது இருந்தா நீ என்கூட வருவியாம்மா?" என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கினேன். பெரும்பாலும் தெருமுனை வரை போய்க் கரும்புச் சாறு குடித்துவிட்டு வருவோம், அதுவே அவளுக்குப் போதுமாக இருக்கிறது. அண்ணனைக் காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நீ என்று இப்போதே அவள் தலையில் ஏற்றாதீர்கள்.

எனக்கென்று ஏதாவது உறுதிமொழி எடுக்கலாமா? சுயநலமாகத் தோன்றுகிறது.

எடுத்தே ஆக வேண்டும். நாம் எல்லோரும் பிள்ளையின் ஃபைலை விரல்நுனியில் வைத்திருப்போம், நம் ரத்த அழுத்தம் என்னவென்று தெரியாது. வருடத்துக்கு ஒரு தடவை உங்கள் உடம்பைப் பரிசோதியுங்கள். அப்பாவும் அம்மாவும் வாரத்தில் ஆளுக்கொரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கும்படி முறை வைத்துக்கொள்ளுங்கள். "நான் உதவி செய்றேன்" என்று சொல்லும் அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், குளிப்பாட்டுவதோ சனிக்கிழமைத் தெரபியோ, அதில் மனைவி ஞாபகப்படுத்த வேண்டிய தேவையே இருக்கக் கூடாது.

மனசு ரொம்பவும் கனத்துப்போனால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநல ஆலோசனை சேவை, தமிழில் பேசலாம். நான் அழைத்திருக்கிறேன்.

பிப்ரவரியிலேயே உறுதிமொழி உடைந்துவிட்டால்?

மார்ச்சில் மறுபடி எடுங்கள். பாதியாகக் குறைத்து எடுங்கள். என் 10 நிமிடம் ஒரு வருடம் 4 நிமிடமாக ஓடியது.

நீங்கள் இந்த வருடம் என்ன எடுத்திருக்கிறீர்கள்?

எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீட்டுக்கு அடுத்தது பால் கடை. போன வருடம் முழுக்க அவன் முன்னால் நடக்க, நான் பத்தடி பின்னால் போனேன். பையை நீட்டுவான், அரை லிட்டர் பாக்கெட் வாங்குவான், மீதிச் சில்லறையை எண்ணாமல் சட்டைப்பையில் போடுவான். கடைக்கார அண்ணன் எனக்குத் தலையை ஆட்டிக் காட்டுவார். இந்த ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஒரு வீடு பின்னால் நிற்பதாகத் தீர்மானித்திருக்கிறேன். ஜூனில் அவன் கடைக்குப் போய் வரும்வரை நான் எங்கள் கேட்டிலேயே நின்றிருக்க வேண்டும், கூப்பிடாமல், ஓடாமல்.